22 வீத நுண்டுளைமை, 32 வீத நீர் என்று கணித்தேன். சோதனையில் வந்தது உப்புநீர். சுண்ணக்கல்லில் என் கணக்கு எங்கே தவறியது?

உவர்மலை வாசகி எழுதியது:

வணக்கம். நான் திருகோணமலை உவர்மலையில் வசிக்கிறேன். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் புவிச்சரிதவியல் படித்து முடித்துவிட்டு, பெற்றோலியத் துறையில் வேலை தேடும் எண்ணத்தோடு, கிணற்றுப் பதிவுகளை (கிணற்றுக்குள் கருவிகளை இறக்கிப் பெறும் அளவீடுகளை) வாசித்துக் கணிக்கும் முறையை வீட்டிலிருந்தே பயின்று வருகிறேன். மணற்கல் பயிற்சிகள் ஓரளவு கைவந்துவிட்டன. சுண்ணக்கல், தொலமைற்று போன்ற காபனேற்றுப் பாறைக்கு வந்ததும் முதல் பயிற்சியிலேயே தடுமாறி நிற்கிறேன்.

பயிற்சியில் தரப்பட்டிருப்பது பெயர் குறிப்பிடாத ஒரு கிணற்றின் 14 மீற்றர் தடிப்புள்ள சுண்ணக்கல் பகுதி. அடர்த்திப் பதிவு கன சென்ரிமீற்றருக்கு 2.33 கிராம் காட்டுகிறது. சுண்ணக்கல் அளவுகோலில் நியூத்திரன் பதிவு 22 வீதம். பாறையின் கனிமத்தைக் காட்டும் ஒளிமின் காரணி 5 ஐ ஒட்டியது. ஒலிப்பதிவு அடிக்கு 60 மைக்கிரோசெக்கன். ஆழ் தடைத்திறன் (கிணற்றுச் சுவருக்கு அப்பால் உட்புறப் பாறையில் அளந்த மின் தடைத்திறன்) 6 ஓம் மீற்றர். பாறை நீரின் தடைத்திறன், தேக்கத்தின் (எண்ணெயோ நீரோ தங்கியிருக்கும் பாறையின்) வெப்பநிலையில் 0.03 ஓம் மீற்றர். கோரிலிருந்து (கிணற்றிலிருந்து வெட்டியெடுத்த பாறை உருளையிலிருந்து) எடுத்த, ஒன்றரை அங்குல விட்டமுள்ள பிளக் மாதிரிகளில் நுண்டுளைமை (பாறையில் துளைகளின் பங்கு) 21 முதல் 23 வீதம். ஆனால் ஊடுபுகவிடுமியல்பு (திரவத்தைத் தன்னூடே செல்லவிடும் தன்மை) 0.4 முதல் 2 மில்லிடார்சி மட்டுமே.

தடைத்திறனிலிருந்து துளைகளிலுள்ள நீரின் பங்கைக் கணிக்கும் ஆர்ச்சி சமன்பாட்டில், துளைகளின் இணைப்பைப் பொறுத்த சீமெந்தாக்க அடுக்கையும் துளைகளில் நீர் பரவியிருக்கும் விதத்தைப் பொறுத்த நிரம்பல் அடுக்கையும் வழமை போல 2 என்று வைத்துக் கணித்தேன். நீர் நிரம்பல் 32 வீதம் வந்தது. அதாவது துளைகளில் மூன்றில் இரண்டு பங்கு எண்ணெய் என்று மகிழ்ச்சியோடு எழுதி வைத்தேன். விடைப் பக்கத்தில், அந்தப் பகுதியைச் சோதித்தபோது மிக மெதுவாக உப்புநீரும் அதோடு சிறிதளவு எண்ணெய்த் தடயமும் மட்டுமே வந்ததாக எழுதப்பட்டிருக்கிறது. விளக்கம் ஏதும் இல்லை.

நீரின் தடைத்திறன் பிழையாக இருக்குமோ என்று முதலில் நினைத்தேன். ஆனால் முழுவதும் நீராக இருப்பதற்கு அது 0.29 ஆக, ஏறத்தாழப் பத்து மடங்காக இருக்க வேண்டும். தரப்பட்ட பெறுமானமோ சோதனையில் வந்த நீரையே அளந்து பெற்றது. அப்படியானால் பிழை எங்கே இருக்கிறது? கோரில் நுண்டுளைமை இவ்வளவு இருந்தும் ஊடுபுகவிடுமியல்பு ஏன் இவ்வளவு குறைவு? தெரிந்தவர்கள் தயவுசெய்து விளக்குவீர்களா?


நிலாவெளிக் கரை எழுதியது:

பிள்ளை, நீங்கள் கேட்ட இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒன்றுதான். உங்கள் பாறையில் துளைகள் இருக்கின்றன. அவை ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை. நான் வளைகுடாவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் துளையிடு மேடைகளில் பாறைத்துண்டு பார்க்கும் வேலை செய்து ஊர் திரும்பியவன். காபனேற்றில் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் முதலில் விழும் குழி இது என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

தேன்வதையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அறையிலும் தேன் நிறைந்திருக்கிறது, ஆனால் அறைகள் மெழுகால் மூடப்பட்டிருக்கின்றன. எடையை வைத்துப் பார்த்தால் தேன் நிறைய உண்டு. சாய்த்துப் பிடித்தால் ஒரு துளியும் வடியாது. அடர்த்திப் பதிவும் நியூத்திரன் பதிவும் எடை பார்ப்பவை. அவை இடைவெளி எவ்வளவு என்று சொல்லும். வழி இருக்கிறதா என்று சொல்ல மாட்டா.

மணற்கல்லில் இந்தச் சிக்கல் பெரிதாக எழுவதில்லை, ஏனென்றால் அங்கே துளை என்பது பெரும்பாலும் மணிகளுக்கு இடையில் மிஞ்சிய வெளி. சுண்ணக்கல் அப்படி உருவான பாறையன்று. அது உயிரினங்களின் ஓடுகளாலும் கடல்நீரிலிருந்து படிந்த துகள்களாலும் ஆனது, நீரில் கரையக்கூடியது, ஆதலால் படிந்த பிறகும் அதன் துளை அமைப்பு பலமுறை மாறுகிறது. உங்கள் பயிற்சியில் இருப்பது, மீன் சினை போன்ற உருண்டைத் துகள்களால் ஆன ஊலைற்றுச் சுண்ணக்கல் என்பது என் ஊகம். இத்துகள்கள் தொடக்கத்தில், எளிதில் கரையும் கல்சியம் காபனேற்றுக் கனிமமான அரகனைற்றாக இருந்திருந்தால், கடல் மட்டம் தாழ்ந்து மழைநீர் உட்புகும்போது அவை கரைந்துவிடும். கரைந்த கல்சியம் காபனேற்று அருகிலேயே, துகள்களுக்கு இடையிலுள்ள வெளியில், கல்சைற்றுச் சீமெந்தாகப் படியும். முடிவில் பாறை தலைகீழாகிறது: முன்பு திண்மமாக இருந்த இடம் வெற்றிடம், முன்பு வெற்றிடமாக இருந்த இடம் திண்மம். நுண்டுளைமை 22 வீதம் இருந்தாலும், அந்த உருண்டைப் பொந்துகளை இணைப்பது சீமெந்துப் படிகங்களுக்கு நடுவிலுள்ள மிக நுண்ணிய இடுக்குகள் மட்டுமே. ஊடுபுகவிடுமியல்பைத் தீர்மானிப்பது பொந்தின் அகலம் அன்று, இந்தக் கழுத்தின் அகலம். அதனால்தான் 0.4 மில்லிடார்சி.

இனி உங்கள் 32 வீதத்துக்கு வருவோம். ஆர்ச்சி 1942 இல் வெளியிட்ட தொடர்பு மணற்கல் மாதிரிகளை அளந்து பெற்றது. சீமெந்தாக்க அடுக்கு 2 ஐ ஒட்டியது என்பது அந்தப் பாறைகளுக்கு உரிய செய்தி. மின்னோட்டம் உப்புநீர் வழியே செல்கிறது. பொந்துகள் தனித்துக் கிடந்தால் அவற்றிலுள்ள நீர் கடத்தலுக்கு அதிகம் உதவாது. ஆகவே எண்ணெயே இல்லாவிட்டாலும் தடைத்திறன் உயர்ந்து நிற்கும். நீங்கள் அந்த உயர்வை எண்ணெய் என்று வாசித்துவிட்டீர்கள். இதே எண்களை வைத்து அடுக்கை மட்டும் மாற்றிப் பாருங்கள்: 2.5 என்றால் நீர் நிரம்பல் 47 வீதம், 3 என்றால் 69 வீதம், 3.3 என்றால் 86 வீதம். பதிவுகளில் ஒரு புள்ளிகூட மாறவில்லை; பாறையைப் பற்றிய உங்கள் எண்ணம் மட்டுமே மாறியிருக்கிறது.

எந்தப் பெறுமானத்தை எடுப்பது என்பதற்கு உங்கள் கையிலேயே ஒரு தடயம் இருக்கிறது. நீங்கள் ஒலிப்பதிவைக் குறிப்பிட்டீர்கள், ஆனால் பயன்படுத்தவில்லை. அடிக்கு மைக்கிரோசெக்கனில் சுண்ணக்கல்லுக்கு 47.5, திரவத்துக்கு 189 என்று வைத்து, ஒலி செல்லும் நேரத்திலிருந்து நுண்டுளைமை காணும் வைலி சமன்பாட்டில் 60 ஐப் போட்டால் நுண்டுளைமை ஏறத்தாழ 8.8 வீதம்தான் வருகிறது. முதலில் வந்து சேரும் ஒலியலை தனித்த பொந்துகளைச் சுற்றித் திண்மப் பகுதி வழியே வந்துவிடுவதால், அது அப்பொந்துகளைப் பெரும்பாலும் காண்பதில்லை. 22 இலிருந்து 8.8 ஐக் கழித்தால் 13.2, அதாவது மொத்த வெளியில் 60 வீதம் தனித்த பொந்துகள். காபனேற்றுப் பாறை ஆய்வாளர் லூசியா சீமெந்தாக்க அடுக்கைக் காணத் தந்த எளிய தொடர்பு ஒன்று உண்டு: அந்த விகிதத்தை 2.14 ஆல் பெருக்கி 1.76 ஐக் கூட்ட வேண்டும். 0.6 ஐப் போட்டால் 3.04 வருகிறது. சோதனையில் நீர் வந்ததில் வியப்பில்லை.

பாறை சுண்ணக்கல்தானா என்பதை ஒளிமின் காரணி உறுதி செய்கிறது. கல்சைற்றுக்கு அது 5.08, தொலமைற்றுக்கு 3.14. தொலமைற்றாக இருந்திருந்தால் துளையற்ற திண்மப் பாறையின் அடர்த்தியை 2.71 க்குப் பதில் 2.87 என்று எடுக்க வேண்டும், அதே 2.33 உங்களுக்கு 29 வீதம் நுண்டுளைமை காட்டும். மேடையில் நாங்கள் இதற்குப் பதிவுகள் வரும்வரை காத்திருப்பதில்லை. துண்டின் மேல் பத்து வீத ஐதரோக்குளோரிக் அமிலம் ஒரு துளி விட்டால் கல்சைற்று உடனே பொங்கும். தொலமைற்று, பொடியாக்கினாலன்றி, சோம்பலாகவே குமிழி விடும்.


கொட்டியாரக்குடா எழுதியது:

ஐயா சொன்னதன் அடிப்படையை ஏற்றுக்கொள்கிறேன். ஆயினும் ஒலிப்பதிவிலிருந்து பெற்ற 3.04 என்ற எண்ணை அப்படியே எடுத்துக்கொள்வதில் எனக்குத் தயக்கம் இருக்கிறது. நான் தேக்கப் பொறியியல் பக்கத்திலிருந்து பேசுகிறேன்.

ஒலிப்பதிவுக்கும் அடர்த்திப் பதிவுக்கும் இடையிலான வேறுபாடு பொந்துகள் இருக்கின்றன என்பதைக் காட்டும். அவை தனித்தவையா தொட்டுக்கொள்பவையா என்பதை உறுதியாகக் காட்டாது. இந்த இரண்டுக்கும் இடையிலான வேறுபாடுதான் வயலின் வாழ்வும் சாவும். தனித்த பொந்துகள் சீமெந்தாக்க அடுக்கை 3 க்கும் மேலே கொண்டுபோகும்; வெடிப்புகளோ அதை 1 ஐ நோக்கி இறக்கும், ஏனெனில் வெடிப்பில் மின்னோட்டம் வளையாமல் நேரே செல்கிறது. ஒரே கிணற்றில் இரண்டும் அடுத்தடுத்துக் கிடப்பதுண்டு. ஆகையால் 14 மீற்றருக்கும் ஒரே எண்ணைப் பயன்படுத்துவதே முதலில் ஐயத்துக்குரியது.

நிரம்பல் அடுக்கும் கவனிக்கப்படாமல் போய்விட்டது. காபனேற்றுத் தேக்கங்கள் பலவற்றில் பாறையின் மேற்பரப்பை நீரைவிட எண்ணெயே விரும்பி ஒட்டுகிறது. அப்படி ஒட்டும்போது நீர் துளைகளின் நடுவே துண்டுபட்டு நிற்கும், தடைத்திறன் உயரும், நிரம்பல் அடுக்கு 2 ஐத் தாண்டும். உங்கள் எண்களில் சீமெந்தாக்க அடுக்கை 2 என்றே விட்டு, நிரம்பல் அடுக்கை மட்டும் 3 ஆக்கினாலும் நீர் நிரம்பல் 32 இலிருந்து 47 ஆகிவிடும். ஆய்வுகூட அறிக்கையில் 2 என்று இருக்கிறதே என்று நிம்மதி அடைய வேண்டாம். கரைப்பான் விட்டுக் கழுவிய கோர் மாதிரி, நீரை விரும்பும் பாறையாக மாறிவிடும். அதில் அளந்த அடுக்கு, நிலத்தடியிலுள்ள பாறையின் அடுக்கு அன்று.

கோர் பற்றியும் ஒரு எச்சரிக்கை. பிளக்கை முழுமையாக நிற்கும் துண்டிலிருந்துதான் வெட்டியெடுக்க முடியும். பெரிய பொந்துகளும் வெடிப்புகளும் உள்ள பகுதி மேலே வருவதற்குள் நொறுங்கிவிடுகிறது, அல்லது கோர்க் குழாயில் இல்லாமலே போய்விடுகிறது. ஆகவே மிகச் சிறந்த பாறை எதுவோ அதுவே அளவீட்டுக்கு அகப்படாமல் தப்பிவிடுகிறது. முழுக் கோரையும் அப்படியே அளந்த பெறுமானம், கிணற்றுச் சுவரின் படப்பதிவு, அழுத்தச் சோதனை ஆகிய மூன்றையும் பக்கத்தில் வைக்காமல் பிளக் எண்களை மட்டும் நம்பி ஒரு காபனேற்றுப் பகுதியை நல்லது என்றோ கெட்டது என்றோ சொல்வதை நான் ஏற்பதில்லை. உங்கள் பயிற்சியில் சோதனையிலும் ஓட்டம் மெதுவாகவே இருந்ததால், குறைந்த ஊடுபுகவிடுமியல்பு இங்கே உண்மைதான் என்று கொள்ளலாம்.

என் கேள்வி இதுதான்: இதே பாறை, இதே கிணற்றில், எண்ணெய் இல்லவே இல்லை என்று தெரிந்த ஆழத்திலும் தொடர்கிறதா? அந்த நீர்ப் பகுதியின் பதிவுகள் தரப்பட்டிருக்கின்றனவா? இருந்தால், நானும் ஐயாவும் எந்த அடுக்கு சரி என்று வாதிட வேண்டியதே இல்லை.


சாம்பல்தீவு எழுதியது:

நான் பாடசாலையில் புவியியல் கற்பிக்கிறேன். இந்த உரையாடல் மிகவும் பயனுள்ளதாக இருக்கிறது. ஒரு சிறு ஐயம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியிலும் சுண்ணக்கல்தானே இருக்கிறது. அங்கே நிலாவரைக் கிணறும் கீரிமலை ஊற்றும் நீர் வற்றாதவை என்று மாணவர்களுக்குச் சொல்லிவருகிறோம். ஐயா கூறிய தனித்த பொந்துகளுக்கு இது நேர் எதிராக இருக்கிறதே?


கொட்டியாரக்குடா எழுதியது:

ஆம், நேர் எதிரான வகையே. யாழ்ப்பாணத்தின் மயோசீன் காலச் சுண்ணக்கல்லில் கரைவு வெடிப்புகளின் வழியே நடந்து, பொந்துகள் ஒன்றையொன்று தொட்டு, குகைகளாகவும் வாய்க்கால்களாகவும் வளர்ந்திருக்கின்றன. நீர் தாராளமாக ஓடுவதும் அதனால்தான். கிணற்றில் மோட்டரை அளவுக்கு மீறி ஓடவிட்டால் அடியிலிருக்கும் உவர்நீர் மேலேறிக் கிணறு பாழாவதும் அதனால்தான். எண்ணெய் வயலில் நடப்பதும் இதுவே. நன்னீருக்குப் பதில் எண்ணெய், கடல்நீருக்குப் பதில் தேக்கத்தின் அடிநீர். வெடிப்புள்ள சுண்ணக்கல்லில் ஆசைப்பட்டு வேகமாக எடுத்தால், பக்கத்துப் பாறையில் எண்ணெய் தங்கியிருக்கும்போதே வெடிப்பின் வழியே நீர் ஏறிவிடும். யாழ்ப்பாணத்துக் கமக்காரருக்கு இதைப் புதிதாக விளக்க வேண்டியதில்லை.

மும்பைக் கடலில் 1974 இல் கண்டுபிடிக்கப்பட்ட மும்பை ஹை வயலின் முதன்மைத் தேக்கமும் மயோசீன் சுண்ணக்கல்லே. காலம் ஒன்றாயினும் யாழ்ப்பாணத்துப் பாறை நிலமட்டத்தில் திறந்து கிடக்கிறது. எண்ணெயைத் தப்பவிடாமல் மேலே அடைக்கும் மூடுபாறை அதற்கு இல்லை. மன்னார்ப் படுகையில் 2011 இல் கண்டறியப்பட்ட வாயுவோ மணற்கல்லில் இருக்கிறது. அதனை இந்தக் கணக்கோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.


உவர்மலை வாசகி எழுதியது:

இருவருக்கும் என் மனமார்ந்த நன்றி. கேட்டது போலவே நீர்ப் பகுதி இருக்கிறது. பயிற்சியின் பிற்பகுதியில், இன்னும் 40 மீற்றர் கீழே அதே சுண்ணக்கல் தொடர்வதாகவும் அங்கே ஐதரோக்காபன் அறிகுறி எதுவும் இல்லை என்றும் எழுதியிருக்கிறது. நான் அதைத் தேவையற்றது என்று புரட்டிவிட்டேன். அங்கும் நுண்டுளைமை 22 வீதம் உள்ள ஓரிடத்தில் தடைத்திறன் 2.9 ஓம் மீற்றர்.

2.9 ஐ 0.03 ஆல் வகுத்தால் 96.7. நுண்டுளைமை 0.22 க்கு அந்த விகிதம் வருவதற்கு சீமெந்தாக்க அடுக்கு 3.02 ஆக இருக்க வேண்டும். ஐயாவின் 3.04 க்கு இவ்வளவு அருகில் வந்ததைக் கண்டபோது, நேற்று இரவு வெகுநேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் அதைவிட எளிய ஒன்று புலப்பட்டது: நுண்டுளைமை ஒன்றாக இருக்கும்போது அடுக்கே தேவையில்லை. 2.9 ஐ 6 ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 0.695. நீர் நிரம்பல் 70 வீதம். இது சரியா?


நிலாவெளிக் கரை எழுதியது:

சரி, பிள்ளை. கொட்டியாரக்குடா கேட்ட கேள்விதான் சரியான கேள்வி என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். பல ஆழங்களில் நுண்டுளைமையையும் தடைத்திறனையும் இரட்டை மடக்கைத் தாளில் குறித்தால் நீர்ப் புள்ளிகள் ஒரு கோட்டில் விழும். அக்கோட்டின் சாய்வே அந்த அடுக்கு. பிக்கெற் வரைபு என்பது அதுதான். ஒரு புள்ளியோடு நிறுத்தாமல் முழுப் பகுதியையும் குறித்துப் பாருங்கள். கோடு இரண்டாகப் பிரிந்தால் பாறையும் இரண்டு.

ஆனால் உங்கள் கணக்கு ஓர் எடுகோளின் மேல் நிற்கிறது: மேலேயும் கீழேயும் பாறை ஒன்றே என்பது. காபனேற்றில் இதைச் சும்மா ஏற்றுக்கொள்ளக் கூடாது. எண்ணெய் முன்னதாகவே வந்து துளைகளை நிரப்பிவிட்டால், அங்கே கனிமங்கள் படிவது தளர்ந்துவிடும். கீழே நீர் நிறைந்த பகுதியில் சீமெந்து தொடர்ந்து படிந்துகொண்டே இருக்கும். ஒரே படை, ஒரே நுண்டுளைமை, இருந்தும் கழுத்துகள் வேறு. அப்போது கீழே அளந்த 2.9 மேலேயுள்ள பாறைக்குப் பொருந்தாமல் போகலாம்.

இதைத் தீர்க்கும் வழி மென்சீவல் ஒன்றே. நீல நிறமூட்டிய பிசினைத் துளைகளுக்குள் ஏற்றி, 0.03 மில்லிமீற்றர் தடிப்புக்குத் தேய்த்து நுணுக்குக்காட்டியில் வைத்தால், துளைகள் எல்லாம் நீலமாகத் தெரியும். உருண்டை உருண்டையாகத் தனித்து நிற்கும் நீலமா, துகள்களுக்கு இடையே வலை போல ஓடும் நீலமா என்பதைக் கண்ணே சொல்லிவிடும். அலிசரின் சிவப்புச் சாயம் தடவினால் கல்சைற்று சிவந்து, தொலமைற்று நிறமின்றி நிற்கும். வேலைக் காலத்தில் ஒரு கிணற்றில் இந்தச் சீவல்களுக்குக் காத்திராமல், பதிவில் கண்ட நுண்டுளைமையை மட்டும் நம்பி, 9 மீற்றர் பகுதியைத் துளைத்து அமிலம் செலுத்தினோம். வந்தது நீர். மூன்று வாரம் கழித்துச் சீவல்கள் வந்தபோது அவற்றில் கண்டது, நீங்கள் இப்போது காகிதத்தில் காண்கிற அதே உருண்டைகள். அந்தத் தீர்மானத்தில் என் கையொப்பமும் இருந்தது; இன்றும் அதை எண்ணி வருந்துகிறேன்.

உங்கள் பயிற்சித் தொகுப்பில் சீவற் படங்கள் இருந்தால் மேற்பகுதியில் ஒன்றும் நீர்ப் பகுதியில் ஒன்றும் எடுத்து இங்கே இடுங்கள். இல்லாவிட்டால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நிலாவெளிக்கு வாருங்கள். கரையில் ஒதுங்கிய முருகைக்கல் துண்டுகள் எத்தனையோ கிடக்கின்றன. அறுத்துத் தேய்க்கும் கருவி என் வீட்டில் இருக்கிறது. வலை போன்ற துளையும் மூடிய துளையும் எப்படித் தோன்றும் என்பதை அவற்றிலேயே பார்க்கலாம்.